இழை: சிக்லிட் தொட்டியில் கூட விடும் மீனுக்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களே,

வண்ணமீன் வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைப் பற்றிய பகுதியில் 'டேங்க் மேட்' (ஒரே தொட்டியில் கூட வாழும் மீன்) என்ற சொல் விடாமல் வருகிறது. 'கம்பேட்டிபிள் டேங்க் மேட்', அதாவது சேர்த்து வளர்க்கத் தகுந்த மீன், என்பது அட்டவணைத் தலைப்பாகவே இருக்கிறது. இப்போதைக்குத் 'தொட்டித் தோழன்' என்று போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் ஆஸ்கர் என்ற சிக்லிட் ஓரடி நீளம் வளரும் மீன். வாய்க்குள் அடங்குவதை எல்லாம் விழுங்கிவிடும். அதன் தொட்டியில் விட்ட நியான் டெட்ரா என்ற சின்னஞ்சிறு மீனைத் தோழன் என்று எழுத மனம் வரவில்லை. நல்ல சொல் தாருங்கள்.

– செ.

*

செ. அவர்களுக்கு,

தோழன் உயர்திணை ஆண்பால், மீன் அஃறிணை. அந்தச் சொல் அங்கேயே விழுந்துவிடுகிறது. 'உடனுறை மீன்' என்று எழுதுங்கள். வள்ளுவர் உட்பகை அதிகாரத்தை எப்படி முடிக்கிறார் என்று பாருங்கள்:

உடம்பாடு இலாதவர் வாழ்க்கை குடங்கருள்
பாம்போடு உடனுறைந் தற்று.

உங்களுக்கு வேண்டிய இரண்டு கருத்தும் ஒரே குறளில் இருக்கின்றன: உடம்பாடு (மனம் ஒத்திருத்தல்), உடனுறைதல் (சேர்ந்து வாழ்தல்). இன்னொன்று. குடங்கர் என்றால் குடிசை என்று உரை சொல்கிறார்கள். அச்சொல்லுக்குக் குடம் என்றும் பொருள் உண்டு. நீர் நிற்கும் கலம்தானே அது? 'தொட்டி'யை விட்டுவிட்டுக் 'குடங்கர்' என்றே ஆளலாம். குட என்றால் வளைவு. குடம், குடை, குடங்கை எல்லாம் அந்த வேரில் பிறந்தவை.

– ந.

*

> 'தொட்டி'யை விட்டுவிட்டுக் 'குடங்கர்' என்றே ஆளலாம்

ஐயா, தயவுசெய்து 'தொட்டி'யை மாற்றாதீர்கள். எல்லாருக்கும் புரிகிற ஒரே சொல் அதுதான். மீன் தொட்டியில் பெரும்பாலானவை நேர்ச்சுவர்க் கண்ணாடிப் பெட்டிகள், வளைவுக்கு அங்கே வேலையே இல்லை.

'உடனுறை'யிலும் எனக்குச் சிக்கல் இருக்கிறது. உறைந்த புழு, உறைந்த இறால் என்று தீனி விற்கிற இடத்தில் 'உறை மீன்' என்றால் பனிக்கட்டிப் பெட்டிதான் நினைவுக்கு வரும். 'கூட்டாளி மீன்' போதாதா?

– வா.

*

வா. தம்பிக்கு,

உடனுறை மீன் என்பது வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம். உடனுறைந்த, உடனுறைகின்ற, உடனுறையும் மீன் என மூன்று காலமும் அதில் அடங்கும். 'உடன்' முன்னால் வந்தபின் பனிக்கட்டிக்கு இடமே இல்லை. தொல்காப்பியர் உள்ளுறை (மறைபொருளாகச் சொல்லும் உத்தி) ஐந்தில் முதலாவதாக உடனுறையைத்தான் வைக்கிறார். ஒரு நிலத்தில் சேர்ந்திருக்கும் விலங்கு, பறவை, மரம் போன்ற கருப்பொருளைச் சொல்லி வேறொன்றைக் குறிப்பால் உணர்த்துவது அது. மீனும் கருப்பொருள்தான். உறு, உறவு, உறை, உறையுள் என்று இந்த வேர் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

– ந.

*

வணக்கம்.

நான் பல வருடமாகச் சிக்லிட் வளர்க்கிறேன். இலக்கணத்தில் தலையிடவில்லை. ஆனால் சொல் எதுவாக இருந்தாலும் இரண்டு கருத்தை ஒன்றாகக் குழைக்க வேண்டாம். ஒரே தொட்டியில் இருப்பது ஒன்று. அங்கே இருக்கத் தகுந்ததா என்பது வேறொன்று.

சண்டை போடாவிட்டால் சேர்த்து விடலாம் என்றுதான் புதிதாக வளர்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். முதலில் பார்க்கவேண்டியது தண்ணீர். அமேசான் பகுதியின் டிஸ்கஸ் சிக்லிட்டுக்கு 28 முதல் 30 டிகிரி வெப்பமும், அமிலம் சார்ந்த மென்னீரும் வேண்டும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்டுக்கு பி.எச். (அமில காரத் தன்மையின் அளவு) 7.8க்கு மேல் உள்ள கடினநீர் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே இருந்தாலும் ஒரே தொட்டியில் நலமாக வாழாது. அடுத்தது தீனி. மலாவியின் பாறைவாழ் மீன்களான ம்புனாக்களில் பல பாசி மேய்பவை. புலால் தின்னும் சிக்லிட்டுக்குப் போடும் கொழுத்த தீனியையே இவையும் தின்றால் வயிறு ஊதிச் சாகும்.

அப்புறம், 'கம்பேட்டிபிள்' என்றதும் பலருக்கும் தோன்றும் 'இணக்கம்' என்ற சொல். ம்புனாக்கள் யாரோடும் இணங்குவதில்லை. பெரிய தொட்டியில், நிறையப் பாறை இடுக்கு வைத்து, ஓர் ஆணுக்குப் பல பெண்கள் என்று, கொஞ்சம் நெருக்கமாகவே விடுகிறோம். துரத்தல் ஒரே மீன்மேல் விழாமல் பலவற்றின்மேல் சிதறிப்போகிறது. சண்டை நிற்பதில்லை, எந்த மீனும் சாகாத அளவுக்குப் பங்கிடப்படுகிறது. அதை இணக்கம் என்று அச்சிட்டால் வாசகர் அமைதியை எதிர்பார்த்து ஏமாறுவார்.

நிறமும் ஒரு காரணம். ஆண் மீன் தன்னைப்போல நிறமும் கோடும் உள்ளதைத்தான் அதிகம் தாக்கும். மலாவியின் பீகாக் சிக்லிட் வகைகளைக் கலந்து விட்டால் அவை கலப்பினக் குஞ்சு போட்டு வகையே குழம்பிவிடும். காலத்தையும் பாருங்கள். கான்விக்ட் சிக்லிட் சோடி முட்டையிடும்வரை பெரிய தொந்தரவில்லை. முட்டையிட்டதும் மற்ற மீனை எல்லாம் ஒரு மூலைக்கு விரட்டிவிடும். குட்டி ஏஞ்சல் மீன் நியானோடு சும்மா நீந்தும்; வளர்ந்தபின் அதையே தின்னும்.

'இணை மீன்', 'துணை மீன்' என்று யாராவது சொல்லும் முன் ஒன்று: அந்த இரண்டு சொல்லும் சோடிக்கு வேண்டும், தொடாதீர்கள்.

நாங்கள் பேசும்போது 'இது அதோடு ஒத்துவராது' என்போம். அதையே எடுத்துக்கொள்ளலாமே?

– ம.

*

ம. அம்மா சொன்ன பிரிப்பு அருமை. குயில் கெளுத்தியைப் பாருங்கள். ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் வாழும் இந்தக் கெளுத்தி, சிக்லிட் முட்டையிடும் நேரத்தில் குறுக்கே புகுந்து தன் முட்டையையும் போட்டுவிடும். தாய் சிக்லிட் எல்லாவற்றையும் வாயில் அள்ளி அடைகாக்கும். கெளுத்திக் குஞ்சு முந்திப் பொரித்து, அந்த வாய்க்குள்ளேயே சிக்லிட் முட்டைகளைத் தின்னும். இதைவிட நெருங்கி உடனுறைய முடியாது, ஆனால் ஒத்துவருகிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு சொல் கட்டாயம் வேண்டும்.

– இ.

*

ஒத்துவரும் என்பது பேச்சுவழக்கு. கலைச்சொல்லுக்கு ஒரு பெயர்ச்சொல் தேவை. வள்ளுவரே தந்திருக்கும்போது ஏன் அலையவேண்டும்? 'உடம்பாட்டு மீன்'.

– ந.

*

அச்சில் அதை 'உடம்பு ஆட்டும் மீன்' என்று படிப்பார்கள், ஐயா. பெயர்ச்சொல்தான் வேண்டும் என்றால் 'ஒத்துறைவு' என்று கட்டலாம். அதற்கும் விளக்கம் எழுத வேண்டும். ஒத்துவரும் என்பதற்கு வேண்டாம்.

– வா.

*

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து மறுபடி கேட்டுவிட்டார்கள், அதனால் முடிவு செய்துவிட்டேன். உரைப்பகுதியில் 'உடனுறை மீன்', முதலில் வரும் இடத்தில் ஒருவரி விளக்கத்தோடு. அட்டவணைத் தலைப்பு 'ஒத்துவரும் மீன்கள்'. அதன் கீழே நீர், தீனி, அளவு, இனப்பெருக்கக் காலம் என்று நான்கு பத்திகளாகப் பிரிக்கிறேன். ம. அம்மாவின் மடலைப் படித்தபின் ஒரே 'ஆம், இல்லை'யில் அதை நிறுத்த முடியவில்லை. ந. ஐயாவின் மறுப்பைக் குறித்துக்கொண்டேன். குடங்கர் இல்லை.

இன்னொன்று. கூச்சமுள்ள சிக்லிட் மறைவிலிருந்து வெளியே வர, மேல்மட்டத்தில் கூட்டமாக நீந்தும் சிறு மீன்களை விடுகிறார்கள். அவை பயமின்றித் திரிவதைக் கண்டு சிக்லிட்டும் வெளியே வரும். கையேடு இவற்றை 'டிதர் மீன்' என்கிறது. 'அச்சந்தீர் மீன்' சரியா?

– செ.

*

உடம்பாடு என்பதை நான் விடுவதாக இல்லை, என் கட்டுரைகளில் அதையே எழுதுவேன். அச்சந்தீர் மீன் நல்ல சொல். ஆனால் அந்த மீன் அச்சத்தைத் தீர்க்கிறதா, அதன் அச்சம் தீர்ந்ததா என்ற ஐயம் எழுகிறது. 'அச்சந்தீர்ப்பி' என்று வைத்தால் ஐயமில்லை.

– ந.

*

தீர்ப்பி என்றதும் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது, ஐயா. 'தைரிய மீன்' என்று போடுங்களேன்.

– வா.