தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் பைப்பில் ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் தடுக்கும் திரவம்) மேல்பக்கம் நீர்த்துப்போகிறது, வழி சொல்லுங்கள்

இடம்: ஹீட்டர் இல்லாத சரக்கு இறக்குமிடம். ஸ்டீல் பைப், பழைய புரோப்பிலீன் கிளைக்கால் கலவை. குளிர்காலத்துக்கு முன் கிளைக்கால் செறிவு 38% இருந்தது, உறைநிலை சுமார் −20° செல்சியஸ். இப்போது கீழ் வால்வு சாம்பிள் அதே அளவுதான் காட்டுகிறது. மேல்முனை சாம்பிளின் உறைநிலை −6°, கையில் தொட்டால் பிசுபிசுப்பே இல்லை.

ரிஃப்ராக்டோமீட்டரை (செறிவு அளக்கும் கருவி) காய்ச்சி வடித்த நீரில் சரிபார்த்தாயிற்று. செக் வால்வு (ஒருவழி வால்வு) சீட்டில் இருந்த துருவையும் துடைத்தாயிற்று. கிளாப்பரின் (அந்த வால்வின் அசையும் மூடி) 0.8 மி.மீ. துளையில் அடைப்பில்லை. ஹெட்கள் (தெளிப்பு முனைகள்) சப்ளை இணைப்புக்கு மேலே. சப்ளை நீரையும் ஆன்டிஃப்ரீஸையும் பிரித்து வைக்கும் யூ வளைவின் இறக்கம் 1.5 மீட்டர் வேண்டிய இடத்தில் 60 செ.மீ.தான். என் சந்தேகம் அதன்மேல்தான்.

செறிவைக் கூட்டச் சொல்லாதீர்கள். 40% தாண்டினால் தெளிக்கும் திரவமே தீக்கு எண்ணெய். லிஸ்டிங் பெற்ற (ஸ்பிரிங்க்ளருக்கென்றே சோதித்துச் சான்றளித்த) திரவத்துக்கு எப்படியும் மாறப்போகிறோம்.

அதை நிரப்புமுன் வளைவை நீட்டினால் போதுமா, அல்லது டிரை ஹெட்களுக்கே (குளிர்ப் பகுதியில் திரவம் நிற்காத வகை) மாறிவிடலாமா?