அல்சூர் வீட்டு குரூப்

லதா: கார்த்தி டைனிங் டேபிள எப்படா காலி பண்ணுவ, வெள்ளிக்கிழமையிலேர்ந்து தரையில உக்காந்து சாப்பிடுறோம் நாளைக்கு சம்பந்தி வீட்டுல வர்றாங்க

கார்த்தி: இன்னைக்கு ராத்திரி மட்டும்மா. பொம்மை சிப்பாய்ங்கள வெச்சு ஆடற எட்ஜ்ஹில் சண்டை பாதியில நிக்குது, இங்கிலாந்து உள்நாட்டுப் போர், மாமா ராஜா கட்சி நான் பார்லிமென்ட்

மூர்த்தி: ஜெயிக்கப்போறது நான்தான், அதான் இழுக்கறான்

கார்த்தி: மாமா உங்க குதிரைப்படை டேபிள விட்டே வெளிய போயிடுச்சு 😂

திவ்யா: எங்க போச்சு?

கார்த்தி: 1642 அக்டோபர் 23 நெஜமாவே இப்படித்தான், ராஜா பக்கத்து ரூபர்ட் இளவரசர் குதிரைங்க எதிரிய விரட்டிக்கிட்டே கைன்டன் ஊர் வரைக்கும் போய் மூட்டை முடிச்ச கொள்ளையடிச்சிட்டு இருந்துச்சுங்க, இங்க ராஜாவோட காலாட்படை தனியா மாட்டிக்கிச்சு. அதனால எங்க ரூல்ல ஜெயிச்ச குதிரைய நிறுத்தணும்னா டைஸ்ல 5 இல்லன்னா 6 விழணும். மாமாவுக்கு 2

மூர்த்தி: அது லூடோ டைஸ்டா மூலை தேஞ்சது

லதா: சரி திட்டாதீங்க. காலைல தூசி தட்டும்போது அந்த முள்ளு மாதிரி இருக்கறது கொஞ்சம் ஒடிஞ்சிடுச்சு

கார்த்தி: எத்தன

லதா: பத்து பன்னண்டு

கார்த்தி: ஐயோ அது ஈட்டிம்மா!! ஈட்டிக்காரங்க இல்லன்னா துப்பாக்கிக்காரன் காலி, திரி வெச்சு சுடுற துப்பாக்கி ஒருவாட்டி சுட்டுட்டு மறுபடி மருந்து கெட்டிக்கறதுக்குள்ள குதிரை மேல ஏறிடும்

திவ்யா: துப்பாக்கி முனைலயே கத்தி சொருகிக்கலாமே

கார்த்தி: அது அந்த நூற்றாண்டு கடைசிலதான் பரவுச்சு

மூர்த்தி: ஈட்டி நெசத்துல 16, 18 அடி. நம்ம பொம்மை 28 மில்லிமீட்டர், அதுக்கு 9, 10 சென்டிமீட்டர் கம்பி வேணும், இன்னைக்கு ஞாயிறு எஸ்பி ரோடு கடைங்களும் மூடியிருக்கும்

லதா: விளக்குமாத்து ஈர்க்கு ஆகுமா அண்ணா? புதுசுதான், இன்னும் பெருக்கல

மூர்த்தி: லதா நீ எங்கேயோ போயிட்ட 🙏

திவ்யா: நம்ம ஊரு சண்டை எதுவும் இல்லையாப்பா

மூர்த்தி: ஏன் இல்ல, 1638ல பிஜப்பூர் படை பெங்களூர புடிச்சுது அப்புறம் சிவாஜியோட அப்பா ஷாஹாஜி இங்கதான் இருந்தாரு. 1687ல மொகலாயர் புடிச்சு மைசூர் சிக்கதேவராஜ உடையாருக்கு 3 லட்சத்துக்கு வித்துட்டாங்க

லதா: ஊரேவா?? இப்ப ரெண்டு பெட்ரூம் வீட்டு அட்வான்ஸுக்கே பத்தாது

லதா: 📷 பன்னண்டு நறுக்கிட்டேன் ரெண்டு வளைஞ்சிருக்கு

கார்த்தி: சூப்பர்மா வளைஞ்சத பின்வரிசைல ஒட்டிக்கறேன்

லதா: ஒன்பது மணிக்கு டேபிள் எனக்கு வேணும். ஆமா கீழ புல்லுன்னு விரிச்சிருக்கற பச்சை துணி என்னது, என் மைசூர் சில்க்கா?

கார்த்தி: மாமாதான் பீரோவ தொறந்தாரு

மூர்த்தி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

லதா: படிச்சுட்டேன்