கப்பல் நீச்சல் குளத்தில் குழந்தைகளும் காகிள்ஸும்: கண்ணில் பட்டவை

அலைத்துளி:

அந்த 'டப்' சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. ஆறு வயசு இருக்கும். குளத்து விளிம்பில் உட்கார்ந்திருந்த பையன், உள்ளே புகுந்த தண்ணீரைக் கொட்டுவதற்காகக் காகிள்ஸை (நீச்சல் கண்ணாடியை) முகத்திலிருந்து முன்னால் இழுத்தான். பட்டை தலைக்குப் பின்னால் அப்படியே இருந்தது. ஈர விரல் வழுக்கியது. இழுத்த வேகம் முழுவதும் திரும்பிக் கண்குழியில் இறங்கியது.

ஒரு கை நீளம் இழுபட்ட சிலிக்கோன் பட்டை கவண் மாதிரிதான். கண்ணாடியின் பிளாஸ்டிக் விளிம்பு கண்ணில் பட்டால் கண்ணுக்குள், முன்பகுதியில் ரத்தம் கசிந்து தேங்கலாம். பார்வை மங்கல், கருமணிக்கு முன்னால் சிவப்புப் படிவு, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், வாந்தி. இதில் எது தெரிந்தாலும் கண்ணைத் தேய்க்காமல், அழுத்திக் கட்டாமல், தலையை உயர்த்தி வைத்து நேரே கப்பலின் மருத்துவ அறைக்கு. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கொடுத்துவிடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும்.

போடும்போது கண்ணாடி முதலில், பட்டை பிறகு. கண்ணை மூடும் இரண்டு கிண்ணங்களையும் கண்குழியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பட்டையைத் தலைக்கு மேலாகப் பின்னால் கொண்டுபோக வேண்டும். கழற்றும்போது இதற்கு நேர் எதிர்: இரண்டு கட்டைவிரலையும் பின்தலையில் பட்டைக்கு அடியில் நுழைத்து, பட்டையைத் தூக்கி முன்னால் கொண்டுவர வேண்டும். தண்ணீர் புகுந்தாலும் இதே வழிதான். முழுசாகக் கழற்று, கொட்டு, மறுபடி போடு. காகிள்ஸ் அட்டையிலேயே பொடி எழுத்தில் இந்த எச்சரிக்கை இருக்கும். அட்டை போகிற இடம் குப்பைத்தொட்டி.

மேல்தளம்_11:

அலைத்துளி சொன்னது சரி, ஆனால் பாதிதான். குழந்தை ஏன் நிமிஷத்துக்கு ஒரு தடவை காகிள்ஸை இழுக்கிறது? ஒன்று தண்ணீர் புகுகிறது, இல்லை பனி மூடுகிறது. அதைச் சரி செய்யாமல் 'இழுக்காதே, இழுக்காதே' என்று கத்திப் பலனில்லை.

முதலில் அளவு. பட்டையை மாட்டாமல் கிண்ணங்களைக் கண்ணில் மெதுவாக அமுக்கிக் கையை எடுங்கள். இரண்டு மூன்று நொடி தானாக ஒட்டி நிற்க வேண்டும். உடனே விழுந்தால் அந்த முகத்துக்கு அது பொருந்தாது, பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் பொருந்தாது. இறுக்க இறுக்க சிலிக்கோன் விளிம்பு மடங்கி இன்னும் கசியும். கண்ணைச் சுற்றி நாள் முழுக்கப் பள்ளம் விழுந்திருந்தால் இறுக்கம் அதிகம். மூக்குத்துண்டு மாற்றக்கூடிய வகையானால் அதைத்தான் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு முடி விளிம்பில் சிக்கினாலே தண்ணீர் உள்ளே வரும். இரட்டைப் பட்டையானால் ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே விரித்து மாட்டுங்கள். ஒரே இடத்தில் குவிந்தால் நழுவும்.

அடுத்தது சன்ஸ்கிரீன். கப்பல் மேல்தளத்தில் நிழல் குறைவு, பூசாமல் விட முடியாது. ஆனால் பூசிய கையோடு காகிள்ஸை மாட்டினால் எண்ணெய்ப் பசையில் விளிம்பு வழுக்கும், கண்ணாடிக்குள்ளும் ஈஷிக்கொள்ளும். பூசி 15 நிமிடம் காயவிட்டு, கண்ணைச் சுற்றி மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மாட்டுங்கள். அங்கே வெயிலுக்குத் தொப்பி போடுங்கள்.

பனி: முகத்தின் வெதுவெதுப்பான ஈரக்காற்று, தண்ணீரால் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. உள்பக்கம் இருக்கிற பூச்சு, அந்தத் துளிகளைப் படலமாகப் பரப்பத்தான் இருக்கிறது. துண்டால் ஒரு துடை துடைத்தால் பூச்சு போச்சு. போன பிறகு பேபி ஷாம்பூ ஒரு சொட்டை உள்ளே தடவி, ஒரு தடவை லேசாக அலசினால் ஒரு குளியலுக்குத் தாங்கும். அலசாமல் விட்டால் கண் எரியும். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், கீறல்தான் மிச்சம். முகத்தை ஒரு தடவை குளத்துத் தண்ணீரில் நனைத்துவிட்டு மாட்டினாலே பாதிப் பனி குறையும். இடைவேளையில் காகிள்ஸை நெற்றிமேல் ஏற்றி வைப்பதுதான் பெரிய தப்பு: வியர்வை ஆவி, சன்ஸ்கிரீன் இரண்டும் நேராக உள்ளே.

உப்புக்காற்று:

காகிள்ஸ் இருக்கட்டும். குளத்துப் படியில் இரண்டு வயசுக் குழந்தையை ஊழியர் நிறுத்துகிறார். அம்மா ஸ்விம் டயப்பர் (தண்ணீரில் போடும் டயப்பர்) பாக்கெட்டையே தூக்கிக் காட்டுகிறார். ஊழியர் தலையை மட்டும் ஆட்டுகிறார். அந்தக் குழந்தை, பாவம், தலையில் காகிள்ஸோடு தயாராக நின்றது. முன்பதிவுக்கு முன்னாலேயே விதியைப் படித்திருந்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருக்காது.

ராயல் கரீபியன் மாதிரி உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் பெரிய கப்பல்களில் டயப்பர், ஸ்விம் டயப்பர், புல்-அப் (ஜட்டி போல மாட்டும் டயப்பர்) எதுவானாலும் பொதுக் குளத்துக்கும் வேர்ல்பூலுக்கும் (சுழலும் வெந்நீர்த் தொட்டி) அனுமதி கிடையாது. சில கப்பல்களில் மட்டும் குழந்தைகளுக்கென்று தனிச் சுத்திகரிப்போடு நீர்விளையாட்டு இடம் உண்டு. 'குடும்பக் கப்பல்' என்ற பெயரை மட்டும் நம்பாமல், உங்கள் கப்பலின் பெயரைச் சொல்லி அது இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்களே ஒன்றுபோல இருக்காது.

நீலத்துண்டு:

ஸ்விம் டயப்பர் கசியாது என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறதே. கட்டிய பணத்துக்குக் குழந்தை குளிக்கக்கூடாதா? ஊழியருக்கு அதிகாரம் காட்ட ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

உப்புக்காற்று:

இல்லை, நீலத்துண்டு. கெட்டி மலத்தைக் கொஞ்சம் பிடிக்கும், நீர்த்த மலத்தை எந்த ஸ்விம் டயப்பரும் பிடிக்காது. கிரிப்டோஸ்போரிடியம் என்கிற ஒட்டுண்ணி, சரியாகக் குளோரின் கலந்த தண்ணீரிலும் 7 நாளுக்கு மேல் உயிரோடு இருக்கும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களைச் சோதிக்கிற சிடிசியின் (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) கப்பல் சுகாதாரத் திட்டம் குளத்தில் 1 முதல் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), வேர்ல்பூலில் 3 முதல் 10 பிபிஎம் குளோரின் கேட்கிறது. நீர்த்த மலம் கலந்துவிட்டால் சிடிசி சொல்வது 20 பிபிஎம், 12.75 மணி நேரம். கடலில் போகும் நாளில் அது நடந்தால் அன்றைக்கு அந்தக் குளம் யாருக்கும் இல்லை. வயிற்றுப்போக்கு இருக்கிற பெரிய பிள்ளையையும் இறக்கக்கூடாது. இதை ஏன் யாரும் சண்டைக்கு இழுப்பதில்லை?

கண் சிவப்பதற்கும் குளோரினை மட்டும் திட்டாதீர்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகிற குளோரமின்தான் பெரும்பாலும் எரிச்சலுக்குக் காரணம். இறங்குவதற்கு முன் ஷவரில் நிற்கச் சொல்வது அதற்காக.

நங்கூரம்:

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. சில கப்பல்களில் குளத்தில் இருப்பது கடல்நீர். அதே சுகாதாரத் திட்டத்தின்படி, கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு அப்பால், கப்பல் ஓடும்போது மட்டும்தான் கடல்நீரை நேரே உள்ளே விட்டு வெளியே தள்ளலாம். கரையை நெருங்குமுன் அதை நிறுத்தி, குளத்தை வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வடிகட்டிக் குளோரின் போட்டுச் சுழற்ற வேண்டும். துறைமுகத்தில் நிற்கிற நாளில் 'குளம் ஏன் காலி' என்று கேட்கிறவர்களுக்கு இதுவும் ஒரு காரணம். உப்புநீரில் போட்ட காகிள்ஸை அன்றன்றைக்கே குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். உப்பு காய்ந்து துகளானால் கண்ணாடியில் கீறல் விழும். வெந்நீர் வேண்டாம். வெயிலில் நாற்காலிமேல் போட்டு வைக்கவும் வேண்டாம். கேபின் குளியலறையில் இழுத்துக் கட்டும் கொடி இருந்தால் அதில் தொங்கவிடலாம்.

அலை பெரிதானால் குளத்துத் தண்ணீர் ஒரு பக்கமாகத் திரண்டு வந்து மோதும். ஊழியர் குளத்தை மூடி வலை கட்டுவதற்கு முந்தைய பத்து நிமிடம் பிள்ளைகளுக்கு ஏகக் கொண்டாட்டம். இடுப்பளவு நின்ற தண்ணீர் அடுத்த நொடி தலைக்கு மேல் வரும். அப்போதே வெளியே எடுத்துவிடுங்கள்.

மேல்தளம்_11:

வேர்ல்பூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர் 40 டிகிரி வரை இருக்கலாம், சின்ன உடம்பு சீக்கிரம் சூடேறும். காகிள்ஸ் மாட்டின பிள்ளை அங்கேயும் முங்கித்தான் பார்க்கும். உறிஞ்சு துளைப் பக்கம் நீள முடி போனால் சிக்கிக்கொள்ளும். நீர்ச்சறுக்குகளில் காகிள்ஸைக் கழற்றச் சொல்வது பல இடங்களில் வழக்கம், ஏறுவதற்கு முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரைடர் (செயற்கை அலையில் பலகையில் சறுக்கும் விளையாட்டு) ஏற உயரம் பார்ப்பார்கள்: படுத்துச் சறுக்க 132 செ.மீ., நின்று சறுக்க 147 செ.மீ. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழுமுக ஸ்நார்க்கல் மாஸ்க்கைப் பல குளங்களில் விடமாட்டார்கள், பெட்டியில் இடத்தை அடைக்க வேண்டாம்.

காற்றடிக்கும் கைவளையம் மாட்டிய பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுக் காகிள்ஸ் தேடப் போகிற பெற்றோரும் உண்டு. அது விளையாட்டுப் பொருள், உயிர்காப்பு அங்கி இல்லை. லைஃப்கார்டு எல்லாக் கப்பலிலும் கிடையாது, பலகையைப் படியுங்கள். லைஃப்கார்டு இருந்தாலும் நீந்தத் தெரியாத குழந்தை கை எட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும்.

அலைத்துளி:

கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்கு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பவர் வைத்த சிறுவர் காகிள்ஸ் அரை டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அளவு) இடைவெளியில் வருகிறது. சரியான எண் கிடைக்காவிட்டால் அடுத்த குறைந்த எண்ணை எடுங்கள். சிலிண்டர் பவர் (ஆஸ்டிக்மாடிசத்துக்குத் தரும் பவர்) இதில் சரியாகாது.

இன்னொன்று: காகிள்ஸ் குளத்தின் அடியில், உறிஞ்சு மூடிப் பக்கம் போய்விட்டால் பிள்ளையை எடுக்க அனுப்பாதீர்கள். ஊழியரிடம் சொல்லுங்கள், நீளக் கம்பு வலை வைத்திருப்பார்கள்.