மிச்சம் நிற்கும் லாபத்தில் ஊருக்கு என்ன செய்யலாம்?

மண்டபம்_கரை: அண்ணனும் நானும் சின்ன அளவில் கடல்பாசி, கருவாடு வாங்கி விற்கிறோம். இந்த வருடம் கையில் கொஞ்சம் நிற்கிறது. சிஎஸ்ஆர் (கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கை ஊர் நலனுக்குச் செலவழிப்பது) எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் என்கிறார் அண்ணன். பள்ளிக்கு நோட்டு கொடுப்பதா, கடற்கரையைச் சுத்தம் செய்வதா, எது உருப்படி?

பாம்பன்_வாடை: சட்டப்படி அண்ணன் சொல்வது சரிதான். நிகர லாபம் 5 கோடி, இல்லை விற்றுமுதல் 1,000 கோடி, இல்லை நிகர மதிப்பு 500 கோடியைத் தொட்ட கம்பெனிகள்தான் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். நோட்டு கொடுத்து போட்டோ எடுப்பதற்கு முன்னால் உங்களுக்குப் பாசி எடுத்துத் தரும் அக்காமார் கணக்கைப் பாருங்கள். முன்பணம் கொடுத்துவிட்டு விலையை நாமே வைப்பது, ஈரம் என்று எடையில் கழிப்பது, இதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. டிஜிட்டல் தராசு ஒன்றை அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள்.

தொண்டிக்காரன்: நல்லெண்ணம் மட்டும் போதாது தம்பி. 2000களின் தொடக்கத்தில் கப்பாபைகஸ் பாசி வளர்ப்பு இங்கே வந்தது. மகளிர் குழுக்களுக்கு வருமானம் வந்தது உண்மை, ஆனால் அந்த வெளிநாட்டுப் பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைமேல் படர்ந்துவிட்டது, அதுவும் 1986லேயே தேசியப் பூங்காவாக அறிவித்த மன்னார் வளைகுடாவில். அதனால் எதைத் தொடங்கினாலும் முதலில் கடலுக்குள் இறங்குகிறவர்களைக் கேளுங்கள்.

மண்டபம்_கரை: தராசு வாங்கிவிடலாம். முன்பணத்துக்குத்தான் அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார், பேசிப் பார்க்கிறேன்.

பாம்பன்_வாடை: அவரையும் இங்கே வரச் சொல்லுங்க.