மறுமொழி: கலையரங்குப் பங்குக்காசு – முதலில் சந்தைக் கூரை

உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

ஊரில் கலையரங்கு கட்ட வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் குடும்பத்துக்கு 300 டொலர் தரவேண்டும் என்று எங்கள் ஊர்ச் சங்கத்திலிருந்து குழுவுக்கு வந்த கடிதத்தையும், அதற்குப் பிறகு வந்த பதில்களையும் ஒன்று விடாமல் வாசித்தேன். காசு தர மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காசு முதலில் போகவேண்டிய இடம் எங்கள் ஊர் மீன்சந்தை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தங்கச்சி ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போய் வந்து படங்கள் போட்டிருந்தாள். தேர் வடிவு, சாத்துப்படி வடிவு என்று எல்லோரும் எழுதியிருந்தீர்கள். சந்தையில் எடுத்த படங்களை அவள் குழுவில் போடவில்லை, எனக்கு மட்டும் அனுப்பினாள். கடற்பக்கத்துக் கூரைத் தகரம் உப்புக்காற்றில் அரித்து ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. மீன் வெட்டும் இடத்தில் நிலம் நடுவில் தாழ்ந்துபோய், கழுவிய தண்ணீர் வடிய வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. குழாய் இருக்கிறது, தண்ணீர் வருவதில்லை. மலசலகூடம் பூட்டிக் கிடக்கிறது, திறப்பு யாரிடம் என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார்.

விடிய ஐந்து மணிக்கு வந்து குந்தும் பெண்கள் மத்தியானம் வரைக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று தங்கச்சி கேட்டிருக்கிறாள். "குடிச்சால் எங்கை பிள்ளை போறது?" என்று பெரியம்மா திருப்பிக் கேட்டிருக்கிறார். எந்தப் பெரியம்மா என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எழுபது வயது தாண்டியும் மீன் வைக்கும் றெஜிபோம் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வருகிறவர் வேறு யார்? போன மாதம் வெயிலில் மயங்கிச் சரிந்து, ஓட்டோவில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் சந்தையில் இருந்தார்.

1995 அக்டோபர் 30 இரவு, சண்டையால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்ததையும், பக்கத்துப் பகுதிகளான தென்மராட்சியும் எங்கள் வடமராட்சியும் நிறைந்து வழிந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் கோயில் மடத்திலும் படுத்திருந்த சனத்துக்குக் கூழ் காய்ச்சி ஊற்றியவர்கள் இந்தச் சந்தைப் பெண்கள். அந்தக் கூழில் போட்டது விற்று மிஞ்சிய மீன் அல்ல, விற்பதற்கென்று வைத்திருந்த மீன். அந்தக் கூழைக் குடித்தவர்களில் மூன்று பேர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். ஒருவர் பிறகு எங்கள் ஊரிலேயே கலியாணமும் செய்தீர்கள். நீங்கள் மூவரும் இதைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

கூழ் என்றதும் நோர்வே மச்சாள் கோடை ஒன்றுகூடலுக்குக் கேட்ட பக்குவம் ஞாபகம் வருகிறது. மச்சாள், ஒடியல் மாவை, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவை, நேரே கொதிக்கிற பானையில் கொட்டாதீர்கள். தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் தண்ணீரை வடித்து ஊற்றுங்கள், அப்போதுதான் காறலும் கசப்பும் போகும். பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, பயற்றங்காய் இவை முதலில் அவிய வேண்டும். பிறகு மீன்தலை, நண்டு, இறால், கணவாய். திருக்கை கிடைத்தால் விடாதீர்கள். செத்தல் மிளகாயை அரைத்துப் போட்டு, புளி கரைத்து விட்டு, மாக் கரைசலைக் கடைசியில் ஊற்றி, கட்டி படாமல் துழாவ வேண்டும். கூழைக் கோலிக் குடிக்கப் பிலாவிலைக்கு நோர்வேயில் வழியில்லை, கோப்பையில் குடித்தாலும் பிழையில்லை. புழுக்கொடியல் மாவில் கூழ் காய்ச்சலாமா என்று யாரோ கேட்டிருந்தீர்கள். காய்ச்ச வேண்டாம். அது அவித்துக் காயவைத்த கிழங்கு, மாவாக இடித்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுச் சாப்பிடுகிற பண்டம். கூழுக்குப் பச்சையாகக் காயவைத்த ஒடியல்தான் சரி.

அந்த ஒடியல் மா எங்கள் சந்தையில் இப்போது ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறதாம். இங்கே ரொறன்ரோவில் ஸ்காபரோ கடைகளில் பைக்கற்றில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் பனங்கொட்டை பொறுக்கிப் பாத்தி போட ஆளில்லை. பனையோலைக் குட்டானில் பனங்கட்டி கொண்டுவரும் கிழவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பனையோலையில் கடகப் பெட்டி இழைக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள், ஆனால் மீன் பிளாஸ்டிக் பேசினில்தான் வருகிறது. பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி வாங்க நெல்லியடிக்குப் போகவேண்டுமாம். ஊர்ச் சந்தையில் வந்து குந்த ஒரு நிழல் இருந்தால் இழைக்கிறவர்கள் கொண்டுவந்து விற்பார்கள்.

சரி, அரங்கு விடயத்துக்கு வருகிறேன். பக்கத்து ஊர்க்காரர் அரங்கு கட்டி, வாசலில் கருங்கல்லில் பெயர் வெட்டிவிட்டார்கள், எங்களுக்கு அது வெட்கம் என்று இலண்டன் கிளை அண்ணை எழுதியிருக்கிறார். அண்ணை, ஊர்ப்பற்றில் உங்களை மிஞ்ச ஆளில்லை, அதை நான் எப்போதும் சொல்வேன். ஆனால் எங்கள் காத்தவராயன் கூத்து எந்தக் காலத்தில் சீமெந்து மேடை கேட்டது? கோயில் வீதியில் மண் குவித்து, கிடுகு கட்டி, பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் ஆடினார்கள். காத்தான் வேடத்துக்கு முன் காத்தான், பின் காத்தான் என்று ஆள் மாறி மாறி வந்து, கடைசியில் காத்தான் கழுமரம் ஏறும்போது கிழக்கு வெளுத்துவிடும். பாயும் தலையணையும் கொண்டுபோய்ப் படுத்துக் கிடந்து பார்த்த நீங்களே இதை என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். உங்கள் அப்பா பிற்பாட்டுக்கு நின்றவர் அல்லவா?

அந்தக் கூத்தின் செலவை யார் கொடுத்தது? சந்தையில் எடுத்த மகமைக் காசு. கரைக்கு வந்த மீனை ஏலம் கூறி விற்கும்போதே கோயிலுக்கென்று ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள். உடுக்கடிப்பவருக்கும் ஆர்மோனியக்காரருக்கும் உடுப்புக்கும் அதுதான் போனது. கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டும் அப்படித்தான், எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டியிருந்ததால் பாட்டும் இருந்தது. இப்போது உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் இழுக்கிறது, கயிற்றில் பத்துப் பேர் சேர்ந்து நிற்பதில்லை. அம்பாவுக்கு மேடை கட்டி அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கூத்தை இன்னும் காப்பாற்றலாம், ஏனென்றால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஐயா இருக்கிறார், சந்தையும் இருக்கிறது.

கடலில் இப்போது உழைப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள். கடலின் அடியை வாரி இழுக்கிற அடிமடி இழுவையை இலங்கையில் 2017 இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அப்படியிருந்தும் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்குப் போனது. எண்ணெய் வாங்க முடியாமல் வள்ளத்தைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்தவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் கரைக்கு வருகிற மீனை நல்ல விலைக்கு விற்க ஒழுங்கான கூரையும் ஐஸ் பெட்டி வைக்க ஒரு மேடையும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு எழும்ப வேண்டியிருக்கிறது.

பாரிஸ் அத்தான் கணக்குக் கேட்கிறார். கேட்கட்டும், அது அவருடைய உரிமை. நூலகக் கூரைக்குச் சேர்த்ததில் மிச்சம் எங்கே என்று அவர் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. பொருளாளர் அண்ணை, பற்றுச்சீட்டுகளைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள், இந்தக் கதை முடியும். ஆனால் அத்தான், கணக்கு வரும்வரை ஒரு சதமும் தரமாட்டேன் என்று நீங்கள் நின்றால் பெரியம்மா அடுத்த வெயிலுக்கும் அதே இடத்தில்தான் இருப்பார். அதனால் சந்தைக் காசைப் பழைய கணக்கோடு கலக்காமல் தனியாக வைக்கச் சொல்கிறேன்.

சந்தை பிரதேச சபைக்குச் சொந்தமான காணி, நாங்கள் நினைத்தபடி கை வைக்க முடியாது என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபிறகு, 2025 மே 6 தேர்தல் வரைக்கும் போய்க் கேட்க ஊருக்கு ஒரு உறுப்பினர் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார். எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும், சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து மதிப்பீடு தரவேண்டும். கூரை, நிலத்துக்குச் சரிவும் வடிகாலும், தண்ணீர்த் தொட்டி, பெண்களுக்கு மலசலகூடம், இவ்வளவும் அந்த மதிப்பீட்டில் வரவேண்டும். இவற்றை நாங்கள் செய்துகொடுத்தால் சபையிடம் சந்தையைக் குத்தகைக்கு எடுத்துக் காசு அறவிடுகிற குத்தகைக்காரர் அதைச் சாட்டி மீன் விற்கும் பெண்களிடம் கூடுதலாக அறவிடக் கூடாது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இதை விட்டால் எங்கள் காசு குத்தகைக்காரரின் பைக்குள்தான் போகும்.

அண்ணாவியார் ஐயாவிடம் இரண்டு கூத்துக் கொப்பிகள் இருக்கின்றன. ஒன்றைக் கறையான் தொட்டுவிட்டது. நூலகம் நிறுவனம் 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது, கொப்பிகளை அவர்களிடம் கொடுத்துப் பிரதி எடுக்கலாம். ஐயாவுக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து, பெடியளுக்கும் பெட்டைகளுக்கும் பின்னேரத்தில் பழக்கச் சொல்லலாம். அரங்குச் செலவோடு பார்த்தால் இது சின்னக் காசு.

ஒரு விடயம் மனதில் கிடக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். "மீன் நாற்றத்துக்குச் சங்கக் காசா" என்று ஒருவர் தனி மடலில் எனக்கு எழுதியிருந்தார். பெயர் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். என் அம்மா அந்தச் சந்தையில் இருந்துதான் எங்கள் நால்வரையும் படிக்கவைத்தார். உங்கள் வீட்டுக்குப் பிள்ளைப்பெற்ற பத்தியத்துக்கு விளைமீனும் ஓராவும் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்துக் கொண்டுவந்து தந்தவரும் அம்மாதான், பலமுறை காசு பிறகு பார்க்கலாம் என்று சொல்லி. அம்மாவின் செத்தவீட்டுக்கு நீங்கள் வரவில்லை. அதை நான் இன்றுவரை கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டேன். ஆனால் அந்தச் சொல்லைக் குழுவில் எல்லோர் முன்னாலும் திருப்பி எடுக்க வேண்டும்.

என்னுடைய 300 டொலரும், அம்மாவின் பெயரில் தங்கச்சி தரும் 300 டொலரும் தயாராக இருக்கின்றன. சந்தைக்குத் தனிக் கணக்கு என்று பொருளாளர் அண்ணை எழுதுகிற அன்றே அனுப்புவோம். ஞாயிறு ரொறன்ரோ நேரம் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் இலண்டனுக்கும் பாரிசுக்கும் பின்னேரம், எல்லோருக்கும் வசதி. அதற்கு முன் இலண்டன் அண்ணை அரங்கைப் பின்னுக்கு வைக்கச் சம்மதமா என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் ஓம் என்றால் மற்றவர்களும் வருவார்கள்.

அன்புடன்,
சந்தையடி வீட்டு மூத்தவள்
ஸ்காபரோ