மறுமொழி: எல்.எஸ்.டி. – 'டாங்கி தரையிறங்கு கப்பல்' பொருந்துமா?

> சுருக்கப்பெயரையே வைத்துக்கொண்டால் என்ன குறை?

ஐயா, இந்தப் போர்க்கப்பல் வகைக்குத் தமிழ்ப்பெயர் தேடும்போது சுருக்கப்பெயரையே வைத்துக்கொண்டால் குறை பெரிது. டாங்கிகளை இறக்கும் கப்பலும் (LST: Landing Ship, Tank) தமிழெழுத்தில் எல்.எஸ்.டி.; வயிற்றுக்குள் கடல்நீரை விட்டுப் படகுகளை மிதக்கவிடும் இன்னொரு வகைக் கப்பலும் (LSD: Landing Ship, Dock) எல்.எஸ்.டி. இரண்டும் இரண்டாம் உலகப் போரில் ஒரே கடற்படையில் ஓடியவை. போதாததற்குப் போதைப்பொருள் ஒன்றும் அதே பெயரில் இருக்கிறது.

'தரையிறங்கு' எனக்கு ஒப்பவில்லை. தமிழக நாளிதழ்களில் தரையிறங்குவது விமானம். ஈழத்து வழக்கில் கடல்வழிப் படை நடவடிக்கைக்குத் 'தரையிறக்கம்' என்பது வேரூன்றிய சொல்தான். ஆனால் அது நிகழ்வின் பெயர். இங்கே கப்பல் எங்கும் இறங்கவில்லை. அது இறக்குகிறது. பிறவினை இல்லாமல் இந்தப் பெயர் நிற்காது.

நேற்று ஒருவர் 'தரைதட்டு கப்பல்' என்றார். வேடிக்கைக்குச் சொன்னாரோ என்னவோ, அது செய்யும் வேலை அதுவேதான். நடுக்கடலில் அடித்தொட்டிகளில் நீரை நிரப்பி ஆழ அமிழ்ந்து வரும். கரையை நெருங்கும்போது நீரை வெளியேற்றி எடை குறைக்கும். சற்றுத் தொலைவிலேயே பின்புற நங்கூரத்தைப் போட்டுவிட்டு, மணலில் முகத்தை ஏற்றிக் கதவுகளைத் திறந்து சாய்தளத்தை இறக்கும். டாங்கிகள் போனபின் அதே நங்கூரத்தின் கம்பிவடத்தைச் சுருட்டித் தன்னைத்தானே பின்னால் இழுத்துக்கொள்ளும். பிரான்சின் நார்மண்டிக் கரையில் இன்னும் துணிச்சல்: ஓதம் வற்றும்வரை காத்திருந்து, காய்ந்த மணலில் உட்கார்ந்தபடியே சரக்கிறக்கின, அடுத்த ஓதத்தில் மிதந்து திரும்பின. ஆயினும் 'கப்பல் தரைதட்டியது' என்றால் நம் வாசகருக்கு விபத்துதான். பெயரிலேயே விபத்தை வைக்க வேண்டாம்.

என் பரிந்துரை 'டாங்கி கரையிறக்கு கப்பல்'. வினைத்தொகை, நடுவில் 'க்' போடாதீர்கள்.

இவ்வகையில் 325-ஆம் எண் கொண்ட அமெரிக்கக் கப்பலைப் பற்றி நான் எழுதிவரும் கட்டுரையில் இதை ஓட்டிப் பார்த்தேன். பிலடெல்பியா கடற்படைத் தளத்தில் கட்டி, 1942 அக்டோபரில் நீரில் விட்டார்கள். சிசிலி, சலெர்னோ, நார்மண்டி தரையிறக்கங்களில் பங்கேற்றது. ஆங்கிலக் கால்வாயை 40 முறைக்கு மேல் கடந்தது. திரும்பும் வழியில் காயம்பட்டவர்களும் போர்க்கைதிகளும் வந்தார்கள். 1964 முதல் 1999 வரை 'சைரோஸ்' என்ற பெயரில் கிரேக்கக் கடற்படையில் உழைத்தது. 2000-இல் முன்னாள் கடற்படையினர், பெரும்பாலும் எழுபதைத் தாண்டிய கிழவர்கள், கிரீட்டிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி ஓட்டிவந்து, 2001 ஜனவரியில் அலபாமாவின் மொபீல் துறையில் சேர்த்தார்கள். (கட்டுரையில் இந்தப் பகுதி நீண்டுவிட்டது. குறைக்க மனம் வரவில்லை.)

சுமந்ததெல்லாம் டாங்கியா, 'டாங்கி' எதற்கு என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். மனிதரை மட்டும் இறக்க இவ்வளவு பெரிய கதவும் சாய்தளமும் தேவையில்லை, அம்மா. டன் கணக்கில் எடையுள்ள அந்த வண்டியைத் துறைமுகம் இல்லாத கரையில் இறக்கத்தான் 328 அடிக் கப்பலுக்குத் தட்டையான அடிப்பகுதி வைத்தார்கள். டாங்கியை எடுத்தால் கப்பலின் உருவத்துக்கே காரணம் போய்விடும்.

'கப்பல்' வேண்டாம், 'கலம்' என்போருக்கு ஒன்று. இதே வேலைக்குச் சிறிய படகுகளும் இருந்தன. அவற்றில் சிலவற்றை இந்தக் கப்பல்களே மேல்தளத்தில் சுமந்து சென்றன. கலத்தின் முதுகில் கலம் என்று எழுத என்னால் முடியாது. பெரியது கப்பல், சிறியது 'டாங்கி கரையிறக்கு படகு'. மறுப்பு இல்லையென்றால் இரண்டையும் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.