கிரிம்ஷா ரயில் நிலையங்கள்: எஃகைக் காட்டுவது அலங்காரமா, தேவையா?

கேள்வி:
கட்டடக்கலை மாணவன் நான். நிக்கலஸ் கிரிம்ஷா 1980இல் லண்டனில் தொடங்கிய கட்டடக்கலை நிறுவனத்தின் ரயில் நிலையங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். எஃகுச் சட்டங்களையும் இணைப்புகளையும் மறைக்காமல் காட்டும் ஹைடெக் பாணியால் பயணிக்கு என்ன பயன் என்பது எனக்குப் பிடிபடவில்லை. அது வெறும் அலங்காரம்தானா?

மறுமொழி 1:
லண்டனில் இந்த நிறுவனம் வடிவமைத்த வாட்டர்லூ பன்னாட்டு ரயில் முனையத்தின் குறுக்குவெட்டு வரைபடத்தைப் பார்த்தீர்களானால் அலங்காரம் என்று சொல்லமாட்டீர்கள். 1993இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் 400 மீட்டர் நீளக் கூரை, தண்டவாளங்களோடு சேர்ந்து வளைவதோடு, போகப்போகக் குறுகவும் செய்கிறது. மேற்கு ஓரத்தில் ரயில் கூரையின் விளிம்பை ஒட்டியே செல்வதால், அந்தப் பக்கம் வளைவு செங்குத்தாக எழ வேண்டியிருந்தது. மூன்று கீல்கள் (சற்றே சுழலக்கூடிய இணைப்புகள்) கொண்ட அந்த வளைவின் உச்சிக்கீல் நடுவில் இல்லாமல் ஒருபுறம் தள்ளி நிற்பது இதனால்தான். இப்படி அகலம் மாறிக்கொண்டே போகும் கூரைக்கு ஒவ்வொரு கண்ணாடியையும் தனித்தனி அளவில் வெட்டுவது கட்டுப்படியாகாது என்பதால், குறிப்பிட்ட சில அளவுகளில் செய்த கண்ணாடிகளை ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பொருத்தினார்கள். பொறியாளர் அந்தோனி ஹன்ட்டின் பங்கையும் கட்டுரையில் அவசியம் சொல்லுங்கள். அவரை விட்டுவிட்டு இந்தக் கூரையைப் பேசுவது நியாயமாகாது.

மறுமொழி 2:
மெல்பர்ன் சதர்ன் கிராஸ் நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே டீசல் ரயில்களின் புகையும் வெப்பக்காற்றும் கூரையின் மேடுகளில் திரண்டு தாமாகவே வெளியேற வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அலையலையான அந்த வடிவம் பிறந்தது.

மறுமொழி 3:
முதல் மறுமொழியில் உள்ள தகவல்கள் சரியே. ஆனால், கேள்வி பயணியைப் பற்றியது. லண்டனிலிருந்து பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் நகரங்களுக்குச் செல்லும் யூரோஸ்டார் ரயில்கள் 2007 நவம்பரில் வாட்டர்லூவிலிருந்து செயின்ட் பான்கிராஸ் நிலையத்துக்கு மாறிவிட்டன. அவ்வளவு நுட்பமான கூரை பல ஆண்டுகள் பெரும்பாலும் பயன்படாமலே கிடந்தது. என் பார்வையில், இந்த நிறுவனம் பயணிக்குச் செய்த பெரிய உதவி 2018இல் நிறைவுற்ற லண்டன் பிரிட்ஜ் நிலையம்தான். பணி நடந்த ஆண்டுகளிலும் நிலையத்தை மூடிவிடாமல், தண்டவாளங்களுக்குக் கீழே விரிந்த ஒரே கூடத்தை அமைத்து, எல்லா நடைமேடைகளுக்கும் அங்கிருந்தே ஏறிச் செல்ல வழிசெய்தார்கள். எந்தப் பக்கம் போவது என்று தடுமாறாமல் நடக்க முடிவதே அங்கு கிடைக்கும் பயன். எஃகு தெரிகிறதா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வாட்டர்லூ, லண்டன் பிரிட்ஜ் இரண்டின் குறுக்குவெட்டுகளையும் ஒரே அளவுகோலில் வரைந்து, பயணி நடக்கும் வழியை இரண்டிலும் குறித்துக்கொண்டு கட்டுரையைத் தொடங்கப்போகிறேன்.